கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் நல்ல நாய்ப் பயிற்சியாளர் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. எங்கள் தொடர்மாடியில் ரொட்வைலர் இன நாய் ஒன்றை வளர்க்கிறோம். பிள்ளையொன்றை நாய் கடித்த செய்தி டிவியில் வந்ததிலிருந்து, லிப்ட் கதவு திறந்து அவனைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் கோபமே இல்லை. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் செய்தியில் இனத்தின் பெயர்தான் பெரிய எழுத்தில் வருகிறது. நாய் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்ததா, பிள்ளை தனியே நின்றதா, ஒருவரும் கேட்பதில்லை. பிரித்தானியாவில் 1991இலேயே இனம் பார்த்துத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள், கடி நிற்கவில்லை.

குடியிருப்பாளர் சங்கம் இப்போது அவனை அனுப்பச் சொல்கிறது. தமிழ் பேசும் பயிற்சியாளரோ மிருக வைத்தியரோ வந்து, அவன் குணத்தைப் பார்த்து எழுதித் தருவார்களா? கட்டணம் தருகிறோம்.

அப்புறம், மாடிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பும் வைக்க விருப்பம். சாப்பிடும் நாயைத் தொடக்கூடாது, துரத்தினால் ஓடாமல் அசையாமல் நிற்க வேண்டும், எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லித்தரக்கூடியவர் இருந்தால் கீழே எழுதுங்கள். ஞாயிறு காலை என்றால் எல்லோருக்கும் வசதி.