மாஸ்டடானுக்கு (பல சர்வர்கள்ல ஓடற, ட்விட்டர் மாதிரி ஒரு சமூக வலைத்தளம்) எந்தக் கட்டற்ற ஆப்? சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க

அஸ்தம்பட்டி:
ஆண்ட்ராய்டுன்னா டஸ்கி. 2017லிருந்து இருக்கு, ஜிபிஎல் 3 உரிமம் (நிரலை யாரும் பார்த்து, மாத்தி, பகிரலாம்), விளம்பரம் கிடையாது. மாஸ்டடானோட சொந்த ஆப் ஆண்ட்ராய்டுக்கு 2022லதான் வந்துச்சு. அதுவும் கட்டற்றதுதான், அதுக்குள்ளயே புதுக் கணக்கு தொடங்கலாம். டஸ்கியில லாகின் மட்டும்தான். கணக்கை பிரவுசர்ல தொடங்கிட்டு வரணும்.

நிறைய பேர் மாட்டிக்கிறது லாகின்லதான். அந்தக் கட்டத்துல கேக்கறது சர்வர் பேரை, அதாவது நீங்க கணக்கு தொடங்கின தளத்தோட முகவரியை. ஜிமெயில் முகவரியைப் போட்டா, ஜிமெயிலையே மாஸ்டடான் சர்வர்னு நினைச்சுத் தேடிட்டு எர்ரர் காட்டும். சர்வர் பேரை மட்டும் போட்டா அந்த சர்வரோட பக்கம் திறக்கும், பாஸ்வேர்டு அங்கதான். பாஸ்வேர்டைத் தானே வாங்கிக்கற ஆப்பைப் பார்த்தா சந்தேகப்படுங்க.

நாகலூர்:
மலைமேல ஆப்பைத் தீர்மானிக்கறது நோட்டிஃபிகேஷன்தாங்க. டஸ்கி கூகுள் வழியா போகாம, தானே சர்வரைப் போய்க் கேட்டுட்டு வரும். பின்னணி வேலைக்கு ஆண்ட்ராய்டு கொடுக்கற குறைஞ்ச இடைவெளியே 15 நிமிஷம், அதனால பதில் தாமதமா வந்தா அது பழுது இல்ல. மணிக்கணக்கா வரலேன்னா போன்ல பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துட்டு ஆட்டோஸ்டார்ட்டை ஆன் பண்ணுங்க.

உடனே வரணும்னா யூனிஃபைட்புஷ், அதாவது கூகுள் இல்லாமலே நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிடற முறை. முதல்ல என்.டி.எஃப்.ஒய்.ங்கற நாலெழுத்து ஆப்பைப் போட்டுட்டு, அப்புறம் டஸ்கியில லாகின் பண்ணுங்க. வரிசை மாறி, வேலை செய்யலேன்னா லாக்அவுட் பண்ணி மறுபடி உள்ள வாங்க. ஆனா அது எந்நேரமும் ஒரு இணைப்பைப் பிடிச்சுட்டே இருக்கும். எஸ்டேட் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல அறுந்து அறுந்து ஒட்டி பேட்டரியைக் குடிச்சிடும். டவுனுக்கு யூனிஃபைட்புஷ், மலைக்கு 15 நிமிஷம், இதான் நம்ம கணக்கு.

டேட்டா இறுக்கமா இருந்தா மீடியா முன்னோட்டத்தை அணைச்சிடுங்க. 20 கொண்டை ஊசி வளைவுல எங்கயாவது நெட் போய் பதிவு போகாம நின்னாலும் டஸ்கி அதை டிராஃப்ட்ல வச்சிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை:
அந்த டிராஃப்ட் போனுக்குள்ள மட்டும்தான் இருக்கு, சர்வர்ல இல்ல. ஆப்பை நீக்கினா அதுவும் போச்சு. பிளே ஸ்டோர்ல போட்டதை எஃப்-ட்ராய்டுக்கு (கட்டற்ற ஆப்களுக்கான கடை) மாத்தறவங்க இங்கதான் இழக்கறாங்க. எஃப்-ட்ராய்டு பெரும்பாலான ஆப்களை மூலநிரல்ல இருந்து தானே கட்டி, தன் சாவியில கையொப்பம் இடும். கையொப்பம் வேற, அதனால ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. பழசை நீக்கித்தான் ஆகணும். எந்தக் கடைன்னு முதல் நாளே முடிவு பண்ணிக்கோங்க. எஃப்-ட்ராய்டுல அப்டேட் சில நாள் பிந்தி வரும், அவ்வளவுதான்.

ஃபெடிலேப்னு இன்னொரு மாஸ்டடான் ஆப் இருக்கு, எஃப்-ட்ராய்டுல இலவசம், பிளே ஸ்டோர்ல காசு. நிரல் ஒண்ணுதான், காசு போட்டு வாங்கறதும் தப்பில்ல, செஞ்சவருக்குப் போகுது. பிக்சல்ஃபெட் (படம் பகிர), பியர்டியூப் (வீடியோவுக்கு) கணக்கும் அதுல சேர்க்கலாம். ஆனா செட்டிங்ஸ் ஒரு காடு.

சூரமங்கலம்:
தமிழ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பதிவு எழுதும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். 'இங்கிலீஷ்' என்றே விட்டால், பொது டைம்லைனில் தமிழை மட்டும் வடிகட்டிப் பார்ப்பவருக்கு உங்கள் பதிவு தெரியாது. மொழிபெயர்ப்புப் பொத்தானும் குழம்பும். மொழி மாற்ற வழி தராத ஆப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயல்பாக 500 எழுத்து வரம்பு. மாஸ்டடான் சர்வர் எண்ணும் முறை நமக்குச் சாதகம்: 'கோ' ஒன்று, 'ழு' ஒன்று, நாம் பள்ளியில் எண்ணியது போலவே. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23. சில ஆப்கள் க, ஓகாரக் குறி என்று பிரித்து எண்ணி, இடம் இருக்கும்போதே சிவப்பு காட்டும். முதல் நாளே ஒரு நீளப் பதிவை அடித்துச் சோதியுங்கள்.

ஹேஷ்டேக்கில் பதிவுகள் குறைவாக வந்தால் ஆப்பைத் திட்டாதீர்கள். உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்தவை மட்டுமே அதில் தெரியும். சிறிய சர்வர் என்றால் தமிழில் எழுதுபவர்களை நீங்களே தேடிப் பின்தொடர வேண்டும்.

அம்மாப்பேட்டை:
கொலுசு ஆர்டர், அட்ரஸ் எல்லாம் தனிச் செய்தியில வாங்கலாமா?

அஸ்தம்பட்டி:
வேண்டாங்க. அது முழுப் பூட்டு போட்ட செய்தி இல்ல. ரெண்டு பக்க சர்வர் நிர்வாகியும் நினைச்சா படிக்கலாம். எந்த ஆப் போட்டாலும் இது மாறாது. பேச்சுக்கு நடுவுல மூணாவது ஆளை @ போட்டு எழுதினா அவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும்.

படம் பரவாயில்ல. சேர்வராயன் கோயில்ல எடுத்ததைப் போட்டா, அதுக்குள்ள இருக்கற இடக்குறிப்பை மாஸ்டடான் நீக்கிடும். 1500 எழுத்து வரைக்கும் விவரிப்பு எழுதலாம், திரைவாசிப்பான் வச்சுப் படிக்கறவங்களுக்காக எழுதுங்க.

நாகலூர்:
ஐபோன்காரங்களுக்கு ஐஸ் கியூப்ஸ், அதுவும் திறமூலம். ஆப் பிடிக்கலேன்னா வேற ஆப் போட்டுக்கலாம், கணக்கு அப்படியே இருக்கும். சர்வர் மாறறதுதான் வேற கதை: ஃபாலோயர்ஸ் கூட வருவாங்க, பழைய பதிவு வராது, மாறினப்புறம் 30 நாளைக்கு மறுபடி மாற முடியாது.