அபிராடெரோன் மாத்திரையை வீட்டில் கொடுப்பவர்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மாட்டுங்கா மருமகள்:
மாமனாருக்குப் பிராஸ்டேட் புற்றுநோய். இந்தக் கீமோ மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம், தினம் 250 மில்லிகிராம் வீதம் 4 மாத்திரை. பெரிதாக இருக்கிறது, தொண்டையில் நிற்கிறது என்றார். ஏலக்காய் தட்டும் சிறு கல்லுரலில் நான்கையும் இடித்து மோரில் கலந்து கொடுத்தேன். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பொடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, அதே கையால் சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். அடுத்த முறை போனபோது செவிலியர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் தொடக்கூடாதாம். இடிக்கவோ உடைக்கவோ யாருமே கூடாதாம். மருந்து கொடுத்த நாளில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. பையன் பிறந்து ஏழு மாதம், நலமாக இருக்கிறான். ஆனாலும் அந்தக் கல்லுரலை நான் இன்னும் கையில் எடுக்கவில்லை.

செம்பூர்க்காரன்:
எங்கள் வீட்டில் நடந்தது வேறு. கூடவே கொடுத்த பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு என்று யாரோ சொல்லப்போக, அப்பா எங்களுக்குத் தெரியாமல் அதை மட்டும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துப் பரிசோதனைக்குக் கிளம்பும்போது செருப்பு காலில் ஏறவில்லை. கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். என் கட்டைவிரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. இரத்த அழுத்தம் 180-க்கு ஏறியிருந்தது, இரத்தத்தில் பொட்டாசியம் 2.9-க்கு இறங்கியிருந்தது. அன்றே படுக்கையில் சேர்த்தார்கள்.
மோரில் கலந்ததற்கு மேலே எழுதியவர் வருந்த வேண்டாம். எங்கள் மருத்துவர் ஒரே ஒரு மாத்திரையைக் காலை உணவோடுதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில்தான் விழுங்க வேண்டும் என்பதெல்லாம் கட்டாயமில்லை.

முலுண்ட் அம்மா:
செம்பூர்க்காரரே, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். படிப்பவர் நான்கு மாத்திரைக்காரராக இருந்தால் என்ன ஆகும்? என் கணவர் பொங்கலன்று நெய்ப் பொங்கல் சாப்பிட்ட கையோடு நான்கையும் விழுங்கிவிட்டார். அன்றிரவு நான் கண் மூடவில்லை. கொழுப்புள்ள உணவோடு போனால் இந்த மருந்து பல மடங்கு இரத்தத்தில் ஏறிவிடும். அதனால்தான் 1000 மில்லிகிராம் எடுப்பவர்களுக்குச் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, பிறகு 1 மணி நேரம் எதுவும் கூடாது என்ற கணக்கு. உங்கள் அப்பாவுக்கு எழுதியது வேறு முறை: 250 மில்லிகிராம், கொழுப்புக் குறைந்த உணவோடு. 2018-இல் 72 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்த பிறகு, செலவு குறையும் என்று சில மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள். ஒன்றின் அளவையும் மற்றதன் நேரத்தையும் கலக்கவே கூடாது.
இது கீமோவும் அல்ல, ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து. அதைத் தடுக்கும்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து வேறொரு ஹார்மோன் பெருகி, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அதை அடக்கத்தான் பிரெட்னிசோலோன். உங்கள் அப்பாவின் கால் வீங்கியதன் காரணம் அதுதான். கல்லீரல் பரிசோதனை முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம், அதை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் நம் சுவரெல்லாம் ஈரம் கோக்கிறது, மாத்திரையை அதன் புட்டியிலேயே வையுங்கள்.

செம்பூர்க்காரன்:
250 என்று குறிப்பிடாதது என் பிழைதான். அப்பாவின் சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

மாட்டுங்கா மருமகள்:
விழுங்க என்ன செய்கிறார் என்று தனியே கேட்டவருக்கு: மாமனார் 5 மணிக்கு எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, மாத்திரைக்கு அரை டம்ளர் தண்ணீர் குடிக்கிறார். புட்டியைத் திறப்பது என் கணவர். நான்கும் இறங்கப் பத்து நிமிடம் ஆகிறது. டிகாஷன் இறங்கி மணம் வந்தாலும், டபரா அவர் கைக்குப் போவது 6:15-க்குத்தான்.