பொருள்: பச்சைத்திரை – திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். எங்கள் மாணவர்கள் பாட்டு வீடியோ எடுக்கிறார்கள். ஒரு பெரிய வீட்டு வளவில் 'கிரீன் மேட்' கட்டியிருக்கிறோம்; ஆளுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணி, பிறகு கணினியில் அதை நீக்கி வேறு காட்சி வைப்போம். செய்முறை ஏடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. இதற்குத் தமிழில் 'பச்சைத்திரை' போதும்தானே?

தேவகோட்டையிலிருந்து:
போதாது ஐயா. நீலத் துணியிலும் இதே வேலை நடக்கும். ஃபிலிம் காலத்தில் நீலம்தான் மிகுதி. தோல் நிறத்தோடு ஒட்டாத நிறம் வேண்டும், அவ்வளவே. இன்றைய கேமரா சென்சாரில் பெரும்பாலும் பாதிக் கட்டங்கள் பச்சைக்கே போவதால் பச்சை முந்திக்கொண்டது. சிலம்பு, அரங்கேற்று காதை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. எழினி என்றால் மேடைத் திரை, கரத்தல் என்றால் மறைதல். ஆகவே 'கரப்பெழினி'.

கானாடுகாத்தானிலிருந்து:
அண்ணே, கரப்பு என்றதும் பிள்ளைகள் பூச்சியைத்தான் தேடுவார்கள். தவிர, எழினிக்குப் பின்னால் மறைவது ஆள். இங்கே மறைவது திரையேதான். 'நீக்குதிரை' என்போம். வினைத்தொகை, வல்லினமும் மிகாது.

தேவகோட்டையிலிருந்து:
திரை எதை நீக்குகிறது ஆச்சி? நாமல்லவா திரையை நீக்குகிறோம்?

கானாடுகாத்தானிலிருந்து:
குடிநீர் எதைக் குடிக்கிறது அண்ணே?

பள்ளத்தூரிலிருந்து:
கடல்வண்ணனையே 'பச்சைமா மலைபோல் மேனி' என்று பாடிய மொழி இது. நீலத் துணியையும் பச்சைத்திரை என்றால் ஆழ்வார் கோபிக்க மாட்டார். கார்வண்ணன், காயாம்பூவண்ணன் என்று இதை இன்னும் விரிக்கலாம். தனி மடலில் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து:
விரிக்க வேண்டாம் ஐயா, அச்சகத்தார் விடவில்லை. இங்கே நடந்ததைக் கேளுங்கள். பாடும் பெண் பச்சைக் கண்டாங்கியில் வந்துவிட்டாள். கணினியில் தலையும் கைகளும் அரக்குக் கரையும் மட்டும் ஆடின. சேலையை மாற்றினோம். அடுத்து ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பில் துணியின் பச்சை அடித்து, பாதத்தின் ஓரம் அரிந்துபோயிற்று. ஜமக்காளம் விரித்து, ஆளைத் துணியிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்திய பிறகே சரியானது. 'பச்சை ஒட்டுது சார்' என்றார்கள் மாணவர்கள். அதற்கு 'பச்சை ஒட்டல்' என்றே எழுதிவிட்டேன். பள்ளத்தூரார் சொன்னபடி 'பச்சைத்திரை'. அடைப்பில் ஆச்சியின் 'நீக்குதிரை'. நிறத்தை வைத்துப் பின்புலத்தை எடுப்பதற்கு 'நிறநீக்கம்'.

தேவகோட்டையிலிருந்து:
'நிறநீக்கம்' என்றால் சாயம் போன வேட்டி. போவது பின்புலம், நிறமன்று. அச்சடித்துக்கொள்ளுங்கள், என் வகுப்பில் எழினிதான்.