கல்லெழுத்து ஸ்கேனில் வழுவழுவென்று வருகிறது, என்ன செய்யலாம்?

பொங்கோல் மாணவி:
வணக்கம். பாலிடெக்னிக் இறுதியாண்டுப் புராஜெக்டுக்காகப் பழைய உபயக் கல் ஒன்றை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறேன். கோயில் தாழ்வாரத்தில் கிடக்கும் கருங்கல். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. எழுத்து தேய்ந்து, ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட மிச்சமில்லை.

லைடார் (ஒளி பாய்ச்சித் தூரத்தை அளக்கும் சென்சார்) உள்ள ஐபோனில் ஸ்கேன் செய்தேன். நிறத்தோடு பார்த்தால் எழுத்து இருக்கிற மாதிரி தெரிகிறது. நிறத்தை எடுத்துவிட்டால் இழைத்த பலகை போல ஒன்றுமே இல்லை. வேறு ஆப்பிலும் அதே கதைதான். 'உபயம்' கண்ணுக்கே தெரிகிறது. அதன் கீழ் வருஷப் பெயர் 'பிரமாதி'யா, 'பிரமாதீச'வா என்பதுதான் பிடிபடவில்லை. முதலாவது என்றால் 1939-40, அடுத்தது என்றால் 1973-74. எப்படி எடுத்தால் தெரியும்?

உட்லண்ட்ஸ்காரன்:
கோதுமை மாவைத் தடவித் துடைத்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். ஊரில் அப்படிச் செய்வார்கள்.

தேக்கா அக்கா:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. மாவு கல்லின் நுண்துளைக்குள் போனால் முழுதாக வராது, இந்த ஈரக் காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். கல்வெட்டு ஆய்வாளர்கள் கல்லின்மேல் தாளை ஒட்டி மைப்படி எடுக்கும்போதுகூட மை தாளின் மேல்தான் படுகிறது. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த எழுத்துப் பாறையை 1843-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தப்பிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. மிச்சமிருக்கிற கல்லையாவது பத்திரமாகத் தொடுவோம்.

ஈசூன் சர்வேயர்:
தங்கச்சி, கோளாறு ஆப்பில் இல்லை. ஐபோன் தருகிற ஆழப் படம் 256-க்கு 192 புள்ளிதான். அரை மீட்டர் தள்ளி நின்றால் புள்ளிக்குப் புள்ளி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. அதோடு அளவிலேயே பிசிறு உண்டு, அதை ஆப் மழுப்பிவிடும். அந்த சென்சார் அறையை அளக்கத்தான் லாயக்கு. உங்கள் எழுத்து அதன் சல்லடையில் நிற்காது.

அதே போனின் சாதாரண கேமரா போதும். பல கோணத்தில் எடுத்த படங்களை மென்பொருள் சேர்த்து முப்பரிமாண மாடல் ஆக்கிவிடும். முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.1 மி.மீ. அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். நேராக ஒரு வரிசை, அப்புறம் சாய்த்து ஒரு வரிசை. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். கல்லின் பக்கத்தில் நீளவாட்டில் ஒன்று, குறுக்கே ஒன்று என ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள், இல்லாவிட்டால் மாடலுக்கு அளவே இருக்காது. மழை பெய்த கையோடு போகாதீர்கள். ஈரக் கல் பளபளக்கும், பளபளப்பு ஒவ்வொரு கோணத்திலும் இடம் மாறும், மென்பொருள் குழம்பும். டார்ச் அடிக்கவும் கூடாது. நிழல் நகர்ந்தால் கணக்கு கெட்டுவிடும்.

அப்படி மாடல் ஆக்கும் மென்பொருளில் மெஷ்ரூம் இலவசம். ஆனால் ஆழக் கணக்குக்கு என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மாடலை கிளவுட்கம்பேர் என்ற அளவீட்டு மென்பொருளில் திறந்து, கல் முகத்துக்கு ஒரு சமதளம் பொருத்தி, அதிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பள்ளம் என்று வண்ணமிடுங்கள்.

தேக்கா அக்கா:
படிக்க மட்டும் என்றால் டார்ச்தான் வழி, ஆனால் அது தனி வேலை. இருட்டிய பிறகு போங்கள். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் சுற்றிலும் நகர்த்திப் படம் எடுங்கள். கல்லின் ஓரத்தில் பளபளப்பான கறுப்புக் குண்டு இரண்டு வைத்தால், அதில் விழும் ஒளிப்பொட்டை வைத்து மென்பொருள் விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று கண்டுபிடிக்கும். அப்புறம் திரையிலேயே வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பலாம். ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு 2001-ல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. 2005-ல் கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா பொறியில் இருந்த எழுத்துகளை இப்படித்தான் படம்பிடித்தார்கள். ஆழ அளவு இதில் கிடைக்காது, அதற்கு சர்வேயர் சொன்னது வேண்டும்.

பொங்கோல் மாணவி:
இரண்டையும் செய்துவிட்டேன், ரொம்ப நன்றி அக்கா, அண்ணா! இடப்பக்கம் கீழிருந்து வெளிச்சம் விழும்போது 'தி'யின் மேல்விலங்கு உள்பக்கமாகச் சுழிவது தெரிகிறது. அப்படியானால் 'தீ'. ஆனால் அடுத்த எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது. சுழியும் அந்தச் சேதத்தின் பகுதியோ என்று சந்தேகம்.

ஈசூன் சர்வேயர்:
மாடலில் அந்தச் சுழிக்குக் குறுக்கே நாலைந்து இடத்தில் வெட்டுமுகம் எடுங்கள். பக்கத்தில் சந்தேகமில்லாத 'உ'வின் சுழியிலும் எடுங்கள். உளி வெட்டு என்றால் இரண்டிலும் பள்ளத்தின் அகலமும் சரிவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். சில்லு பெயர்ந்த இடம் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மாதிரி இருக்கும். இரண்டு வரைபடத்தையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன். அதுவரை அறிக்கையில் வருஷத்தைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள்.