ஒரு கேஸ்ல கிடைச்ச டாக்குமெண்ட்ட இன்னொரு கேஸ்ல போடலாமா?

நீலவானம்:
வணக்கம். பார்ட்னர் மேல நான் போட்ட சிவில் கேஸ் ஓடிட்டு இருக்கு, டிஸ்கவரில (கேஸுக்காக ஒரு தரப்பு தன் பேப்பர்கள எதிர்தரப்புக்கு கட்டாயமா குடுக்குற கட்டம்) அவர் தரப்புல இருந்து ஈமெயில், பேங்க் ஸ்டேட்மெண்ட்னு ஒரு கட்டு வந்துச்சு. என் தங்கச்சியும் அதே ஆள் மேல தனியா கேஸ் போடப் போறா, அவ குடுத்த பணம் எந்தெந்த அக்கவுண்டுக்கு போச்சுன்னு அந்த ஸ்டேட்மெண்ட்ல வரிக்கு வரி இருக்கு. ஜெராக்ஸ் எடுத்து அவ வக்கீல்கிட்ட குடுத்துரலாமா? மொத்தத்தையும் இழந்துட்டு நிக்கிறா, பாக்கவே முடியல.

கறுப்புகோட்டு:
தயவுசெஞ்சு இப்ப குடுத்துராதீங்க. பேப்பர் உங்க கைக்கு எப்படி வந்துச்சுங்கறதுதான் எல்லாமே. யாரும் பாக்கக்கூடிய தீர்ப்பு, உத்தரவுன்னா சர்டிஃபைட் காப்பி வாங்கி தாராளமா போடலாம். ஆனா கோர்ட் கட்டாயத்துல எதிராளி குடுத்ததுன்னா இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாலயெல்லாம் அந்த கேஸுக்கு மட்டும்தான் யூஸ் பண்ணணும், நீங்க எதுலயும் கையெழுத்து போடலைன்னாலும் அந்த கடமை தானா வந்துரும், மீறுனா கோர்ட் அவமதிப்பு. போலீஸ்கிட்ட குடுக்குறதுக்கே பொதுவா கோர்ட் அனுமதி வேணும்னு கனடா சுப்ரீம் கோர்ட் 2008ல சொல்லிருச்சு. இன்னொண்ணு, பேப்பர காட்டாம விஷயத்த மட்டும் வாயால சொல்லி கேஸ் போட வச்சாலும் அதுவும் யூஸ் பண்ணதுதான், இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

தென்றல்77:
ஹாரியட் ஹார்மன்ங்கற இங்கிலாந்து வக்கீலோட கேஸ் இதுக்கு நல்ல உதாரணம். ஓப்பன் கோர்ட்ல வாசிச்சு முடிச்ச பேப்பரத்தான் ஒரு பத்திரிகைக்காரருக்கு காட்டுனாங்க, அதுவே அவமதிப்புன்னு அப்ப அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை 1982ல தீர்ப்பு. அப்புறம் இங்கிலாந்துல விதிய மாத்திட்டாங்க. இப்ப பொது விசாரணைல வாசிச்சது, கோர்ட் அனுமதி குடுத்தது, குடுத்தவரும் டாக்குமெண்ட்டுக்கு சொந்தக்காரரும் ஒத்துக்கிட்டது, இதெல்லாம் வெளிய யூஸ் பண்ணலாம், ஆனா வாசிச்சதுக்கும் கோர்ட் தடை போட முடியும். அமெரிக்கா வேற மாதிரி, அங்க ஃபெடரல் கோர்ட்ல பொதுவா தானா வர்ற தடை கிடையாது, உங்க கேஸ்ல புரொடெக்டிவ் ஆர்டர் (பேப்பர வெளிய யூஸ் பண்ண கோர்ட் போடுற கட்டுப்பாடு) இருக்கான்னுதான் பாக்கணும்.

மணல்வீடு:
பர்மிஷன் கிடைச்சாலும் வேலை முடியல. அஃபிடவிட் கோர்ட் ஃபைல்ல இருக்குன்னா அப்படி ஒண்ணு தாக்கலாச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், உள்ள இருக்கறது உண்மைன்னு புது கேஸ்ல தனியா நிரூபிக்கணும். ஆனா அந்த பார்ட்னரே அவர் அஃபிடவிட்ல பணம் வாங்குனத ஒத்துக்கிட்டிருந்தா அவருக்கு எதிராவே போடலாம், அத முதல்ல தேடுங்க.

நீலவானம்:
ரொம்ப நன்றி. தங்கச்சிகிட்ட பணம் எங்க போச்சுன்னு இன்னும் சொல்லல. அப்ப வழி என்ன?

கறுப்புகோட்டு:
ரெண்டு வழி. உங்க கேஸ் நடக்குற கோர்ட்லயே எந்தெந்த பக்கம், எதுக்குன்னு சொல்லி பர்மிஷன் கேளுங்க, எதிராளி ஒரே ஆள்ங்கறது உங்களுக்கு சாதகம்தான். இல்லன்னா தங்கச்சி அவங்ககிட்ட இருக்குற ரசீதையும் டிரான்ஸ்ஃபர் விவரத்தையும் வச்சே கேஸ் போட்டு, பணம் குடுத்த மாசங்களோட ஸ்டேட்மெண்ட்ட அவங்களே டிஸ்கவரில கேக்கட்டும்.