இம்பாக்ட்-ஏடி பயிற்சிக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கலிபோர்னியாவில் அல்சைமர் மருந்துச் சோதனை ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். இம்பாக்ட்-ஏடி பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. 2020-இல் தொடங்கியது. அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனமும் அல்சைமர் சங்கமும் ஆதரவு தருகின்றன. டிமென்ஷியா மருந்துச் சோதனைகளை நடத்தப் பல பின்னணியிலிருந்தும் புதியவர்களைத் தயார்படுத்துகிறார்கள்.

இதன் தேவையை தினமும் பார்க்கிறேன். இங்கே வயதான கறுப்பினத்தவருக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. சோதனைக்கு வருபவர்களிலோ அவர்கள் ரொம்பக் குறைவு. அண்மையில் ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்த ஒரு பாட்டி வந்தார். நினைவும் சிந்தனையும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னோம். மொழிபெயர்க்க வந்த பேத்தி, பாவம், பாட்டி திணறுவதைப் பார்க்கமுடியாமல் முள் எங்கே வரும் என்று விரலால் காட்டிவிட்டாள். அந்த மதிப்பெண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது? ஸ்பானியம் பேசும் மதிப்பீட்டாளர் ஒருவர் எங்களிடம் இருந்தே ஆகவேண்டும்.

சரி, நான் கேட்க வந்த உதவிக்கு வருகிறேன். முனைவர் பட்டம் இல்லாமல், ஒருங்கிணைப்பாளராக இருந்து யாருக்காவது இடம் கிடைத்ததா? விண்ணப்பக் கடிதத்தில் சொந்த அனுபவத்தை எவ்வளவு எழுதினீர்கள்? பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்கினீர்கள்? அப்புறம், என் வரைவைப் படித்து, தயவு பார்க்காமல் குறை சொல்ல ஒருவர் முன்வந்தால் பெரிய உதவி. உள்பெட்டியில் எழுதுங்கள்.