இடுப்பு வலியோடு மண்ணை விட்டு ஹைட்ரோபோனிக் முறைக்கு மாறலாமா?

கொட்டகலை லீக்ஸ்:
வீட்டுக்குப் பின்னால் சரிவில் தட்டுத் தட்டாக லீக்ஸ், கோவா, சலாது போடுகிறேன். இடுப்பில் டிஸ்க் விலகியதால் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாட்டெரு மூட்டையும் மண்வெட்டியும் இனிச் சரிவராது. மகன் கொழும்பில், எப்போதாவதுதான் வருவான். மண்ணில்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக் என்றால் பாரமே இல்லை என்கிறார்களே, உண்மையா? கரண்ட் இல்லாமல் செய்யலாமா? இங்கே மழை இறங்கினால் முதலில் போவது கரண்ட்தான்.

பண்டாரவளை மாடி:
அக்கா, பாரமே இல்லை என்றவர் தண்ணீர் வாளி தூக்கியதில்லை போல. 1 லீட்டர் 1 கிலோ. ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் 30 லீட்டர் பிடித்தால் 30 கிலோ, நிரப்பிய பிறகு அதை அசைக்கவே கூடாது. ஆனால் மண்ணுக்கு இல்லாத ஒரு வசதி தண்ணீருக்கு உண்டு, அது தானாக ஓடி வரும். உங்களுக்குப் பீலித் தண்ணீர் மேலே இருந்து வருகிறதா? அப்படியென்றால் ஹோஸைப் பெட்டிக்குள் விட்டு அங்கேயே நிரப்பி, ஹைட்ரோபோனிக்குக்கென்று விற்கும் அல்பர்ட் உரத்தூளைக் கரைத்து ஊற்றலாம். லீட்டருக்கு 2 கிராம் போட்டாலும் 30 லீட்டருக்கு 60 கிராம்தானே, எரு மூட்டை எங்கே இது எங்கே! சலாதுக்கு அதில் பாதியில் ஆரம்பித்தால் போதும்.

மோட்டார் வேண்டாம். பெட்டிக்குள் கறுப்புப் பொலித்தீன் விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, அடியில் கீறிய யோகட் கப்பில் தும்புத்தூள் நிரப்பி நாற்றை வையுங்கள். கப்பின் அடி மட்டும் தண்ணீரில் பட வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும், அந்த இடைவெளியில்தான் வேர் மூச்சு விடும், அதனால் பாவம் என்று திரும்ப விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள், வேர் அழுகும். கடைசியில் மிஞ்சுவதை ஹோஸாலேயே கீழ்த் தட்டுக்கு இழுத்து விடலாம், கோவாவுக்கு நல்லது.

வெலிமடை:
நான் முழுசாக மாறச் சொல்ல மாட்டேன். சலாது, கீரைக்குச் சரி. கரட், உருளைக்கிழங்குக்கு இந்தப் பெட்டி சரிவராது, லீக்ஸுக்குத் தண்டு வெள்ளையாக வர மண் அணைக்க வேண்டும். அதோடு நீங்கள் குனியாமல் இருக்கப் பெட்டியை மேசையில் வைக்க வேண்டும், அந்த மேசையை யார் அடிப்பது? நான்கு பெட்டி என்றால் 120 கிலோ தாங்க வேண்டும், பழைய பலகை மழையில் உளுத்து ஒருநாள் உட்கார்ந்துவிடும். மகன் வரும்போது சீமெந்துக் கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்குக் கட்டச் சொல்லுங்கள், அகலம் கை எட்டும் அளவுக்கு மேல் வேண்டாம். கூரையும் அவர் வேலைதான். மேலே பொலித்தீன் இல்லாவிட்டால் உங்கள் பக்கத்துத் தென்மேல் பருவ மழையில் உரக் கரைசல் வெறும் தண்ணீராகிவிடும்.

தும்புத்தூள் கட்டியைக் காய்ந்த கணக்கில் வாங்கி ஏமாறாதீர்கள். 5 கிலோ கட்டி நனைந்தால் பல மடங்கு பாரம். உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊறவையுங்கள்.

கொட்டகலை லீக்ஸ்:
பீலி மேல் தட்டில்தான் இருக்கிறது, அது நல்லதாகப் போயிற்று. லீக்ஸை விட மனசில்லை, கூலிக்கு ஆள் பிடித்தாவது ஒரு தட்டு வைத்துக்கொள்வேன். நுளம்பு வராதா?

பண்டாரவளை மாடி:
மூடி சரியாகப் பொருந்தினால் வராது. கப் வைக்காத ஓட்டையை டேப் ஒட்டி அடையுங்கள், உள்ளே வெளிச்சம் புகுந்தால் பாசியும் பிடிக்கும். முதலில் ஒரே ஒரு பெட்டி. கரைசலின் பிஎச் (புளிப்புத் தன்மையின் அளவு) 5.5க்கும் 6.5க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அடித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் யார் என்றும் கேளுங்கள். அப்புறம், ஹோஸைச் சுருட்டும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள் அக்கா, நிறைந்த ஹோஸும் பாரம்தான்.